லயத்து வீடும் வாடகை அறையும்: யாருக்குக் கஷ்டம் அதிகம்?

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி வெள்ளிக்கிழமை, அன்னதானம் முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தோம். எங்க மூத்த தொண்டர் ஒருத்தர், "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு என்ன கஷ்டம்? கையில போன், ஏறி உட்கார மோட்டார். நாங்க பட்டதுல பாதி கூட இவங்க படலை"ன்னார். அண்டா தேய்ச்சுக்கிட்டு இருந்த தம்பி தலை நிமிராமலே சொன்னார்: "ஐயா, உங்களுக்கு 28 வயசுல சொந்த வீடு இருந்துச்சு. எனக்கு 31. இன்னும் வாடகை அறைதான்."

அப்புறம் யாரும் பேசலை. ரெண்டு பேர் சொன்னதும் பொய் இல்லை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

முதல்ல நம்ம தாத்தாக்கள் காலம். 1941-ல் கிள்ளான் வட்டார ரப்பர் தோட்டங்களில் பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் இருந்தார். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், மருத்துவ வசதி, கள்ளுக்கடையை மூடுவது, பெண்களிடம் தவறாக நடப்பதை நிறுத்துவது என்று கேட்டார்கள். அந்தப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லக் கூடாது. இதைக் கூட கேட்டு வாங்க வேண்டிய காலம் அது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிர் இழந்தார்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு வேற கவலை. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்க ஆரம்பிச்சாங்க. தோட்டத்தை நாமே வாங்கணும்னு துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டி வந்த கூலியில் மாசம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு வாங்கினவங்க நம்ம பாட்டிமார்.

அடுத்தது நம்ம அப்பா அம்மா காலம். விடியுமுன்னே பெரட்டு, கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லைன்னா கூலி இல்லை. பிறகு தோட்டமெல்லாம் நகரம் ஆச்சு. சீபீல்ட் தோட்டம் சுபாங் ஜெயாவானது. எபிங்காம் தோட்டம் பண்டார் உத்தாமா ஆனது. 1998 காமன்வெல்த் போட்டி நடந்த புக்கிட் ஜாலில் அரங்கமும் பழைய தோட்டத்து மண்ணுதான். லயத்து வீடு தோட்டத்தோட சொத்து. வேலை போன அன்னைக்கு வீடும் போச்சு. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலும் இதே சட்டம்தான். எத்தனையோ குடும்பம் புறம்போக்கில் பலகை வீடு கட்டி உட்கார்ந்தது.

இங்கதான் விஷயம் இருக்கு. ரெண்டு மூணு தலைமுறை உழைச்சும், பிள்ளைக்கு விட்டுப் போக ஒரு கதவு கூட பலருக்கு இல்லை.

நம்ம பெரியவருக்கு 1990-ல் அதிர்ஷ்டம் அடிச்சது. அப்போ மலிவு விலை வீட்டுக்கு அரசாங்கம் வச்ச உச்ச விலை 25,000 வெள்ளி. அவருக்கு ஷா ஆலம் பேக்டரியில் மாசச் சம்பளம் 450. கணக்குப் போட்டால் ஐந்து வருஷச் சம்பளம் கூட இல்லை. அந்தத் தம்பிக்கு இப்போ 2,500. மூணு லட்சம் வெள்ளி வீடுன்னு வச்சுக்கிட்டா, சாப்பிடாம உடுத்தாம முழுசா பத்து வருஷம்! 2013-ல் 900 வெள்ளியாக வந்த குறைந்தபட்ச சம்பளம் 2025-ல் 1,700 ஆச்சு, உண்மைதான். வீட்டு விலை அதுக்காகக் காத்துக்கிட்டு நிக்கலையே.

அப்பாவுக்கு ஆறாம் வகுப்போட படிப்பு முடிஞ்சது, படிப்புக் கடனும் இல்லை. மகன் பட்டம் வாங்கினான், பிடிபிடிஎன் கடனையும் சேர்த்து வாங்கினான். தோட்டத்து அப்பாவுக்கு முதலாளி ஈபிஎஃப் கட்டினார். ராத்திரி கிராப் ஓட்டுற மகனுக்கு அந்த ஓட்டத்துக்கு முதலாளி பங்கு கிடையாது. மழை வந்தா வருமானம் போற கதை மட்டும் மாறலை.

ஆனா தம்பிகளே, ஒண்ணை மறக்காதீங்க. இன்னைக்கு நீங்க யாருக்காகவும் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியதில்லை. அதுக்கு விலை கொடுத்தவங்க இருக்காங்க.

அதனால யார் கஷ்டம் பெருசுன்னு தராசு பிடிக்க வேண்டாம்ங்கறது என் கருத்து. சொந்த வீடு இல்லாத கஷ்டம் லயத்துல ஆரம்பிச்சது, இன்னும் முடியலை. அது ஒரே கஷ்டம், ரெண்டு தலைமுறையா தொடருது. பெரியவங்களே, "ஏன் இன்னும் வீடு வாங்கலை, கல்யாணம் பண்ணலை"ன்னு அம்மன் சந்நிதியில வச்சுக் கேட்காதீங்க. மலிவு வீட்டுக்கு எங்கே விண்ணப்பிக்கணும், எத்தனை தடவை நடக்கணும்னு உங்களுக்குத் தெரியும். அதைச் சொல்லிக் கொடுங்க. தம்பி தங்கைகளே, அப்பா எந்தத் தோட்டத்துல பிறந்தார், எப்படி வெளியே வந்தார்னு ஒரு நாள் உட்கார்ந்து கேளுங்க.

போன வெள்ளிக்கிழமை பெரியவர் சீக்கிரமே வந்தார். அந்தத் தம்பி பக்கத்துல போய் அண்டாவோட மறுபக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு, "வாடகை எவ்வளவுப்பா கட்டுற?"ன்னு கேட்டார். ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாங்க.

எல்லோருக்கும் அம்மன் அருள் கிடைக்கட்டும். உங்க குடும்பம் எந்தத் தோட்டம்? கீழே எழுதுங்க.