வெளிவராத 1.0

டெபியன் லினக்ஸில் 1.0 என்று ஒரு பதிப்பே கிடையாது. 0.93-க்கு அப்புறம் நேரா 1.1தான். பழைய வெளியீட்டுப் பட்டியலில் அந்த இடம் பல் விழுந்த மாதிரி இருக்கும். ஏன் என்று தேடிப் போனதில் கிடைத்த கதை இது.

1995 கடைசியில் அடுத்த பதிப்பு தயாராகிக்கொண்டிருந்தது. கோப்புகள் கிடந்த அடைவுக்கு '1.0' என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்ஃபோமேஜிக் என்ற சிடி நிறுவனம் அதைப் பார்த்து, வந்தாச்சு போல என்று எடுத்துச் சிடியில் போட்டுவிட்டது. அரை வேக்காடு. கணினி பூட் ஆகுமா என்பதே சந்தேகம். டிசம்பரில் இரு தரப்பும் சேர்ந்து, 'அது 1.0 இல்லை' என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. குழப்பம் வேண்டாமென்று அந்த எண்ணையே கைவிட்டு, 1996 ஜூனில் 1.1 என்று வெளியிட்டார்கள். தயாராகிக்கொண்டிருக்கும் அடைவுகளுக்கு எண்ணுக்குப் பதில் டாய் ஸ்டோரி பொம்மைகளின் பெயர் வந்ததும் இதனால்தான்.

'எப்போ வரும்?' என்றால் டெபியன்காரர்களின் பதில், 'தயாரானதும்.' எங்க ராஜபாளையம் அய்யனார் கோவில் ஆத்துல வெள்ளம் வந்தா வனத்துறை ஆளை உள்ளே விடாது. எப்ப சார் விடுவீங்கன்னு கேட்டா, தண்ணி வடியட்டும்பாங்க. அதே பதில்தான்.

ஆனால் வடிந்ததா என்று பார்க்க ஓர் அளவு வேண்டுமே. தரவை அழிக்கும், பாதுகாப்பில் ஓட்டை போடும், பொதியையே பயனற்றதாக்கும் வழுக்களைத் தனியே எண்ணுகிறார்கள். அவை இருக்கும்வரை வெளியீடு இல்லை. 2000-இல் 'டெஸ்டிங்' கிளை வந்தது. புதுப் பொதி முதலில் 'அன்ஸ்டேபிள்' கிளையில் சில நாள் கிடக்கும். புதிதாகக் கடும் வழு கிளம்பாவிட்டால்தான் டெஸ்டிங்குக்கு நகரும்.

இதில் ஒரு சிக்கல். வுடி 2002 ஜூலையில் வந்தது. அடுத்த ஸார்ஜ் 2005 ஜூனில். நிறுவியையே புதிதாக எழுதியதும் தாமதத்துக்கு ஒரு காரணம். இடையில், 2004 அக்டோபரில், டெபியனையே அடித்தளமாக எடுத்து ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று உபுண்டு கிளம்பிவிட்டது. தாமதமும் ஒரு வழுதான், எந்தப் பட்டியலிலும் ஏறாத வழு என்பது என் கட்சி. 2009-இல் டெபியனும் கொஞ்சம் இறங்கி வந்தது: புது அம்சங்களை நிறுத்தும் உறைநிலைக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தேதி உண்டு, வெளியீடு மட்டும் பழையபடி வழுக்கள் வடிந்த பிறகுதான். 2011 முதல் ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு ஒரு பதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

நமக்கு இதில் என்ன? சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் டெபியன் மேல் கட்டியதுதான். அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்த இலவச மடிக்கணினிகளில் விண்டோஸ் பக்கத்திலேயே அதுவும் இருந்தது. வீட்டில் இணையம் இல்லாத பிளஸ் டூ மாணவிக்கு, 'வழு இருந்தா என்ன, நாளைக்கு அப்டேட் பண்ணிக்கலாம்' என்ற பேச்சே இல்லை. 1995-இல் அந்தச் சிடியை வாங்கினவர் நிலைமைதான் அவளுக்கும்.