நீரா? ஓய்வா?

நீராவியால் இயந்திரம் ஓட்டிய விக்டோரியா காலத்து இங்கிலாந்து, பிணி தீரக் குளிர்நீரைத் தேடி ஓடிற்று! 1842-இல் மால்வர்ன் எனும் மலையூரில் வில்சன், கல்லி எனும் மருத்துவர் இருவர் நீர் மருத்துவம் தொடங்கினர். ஈரத்துணி சுற்றுவர், குளிர்நீர் கொட்டுவர், எளிய உணவளிப்பர், குன்றேறி நடக்கச் செய்வர். அந்நீரின் சிறப்போ அதன் தூய்மை ஒன்றே என 1756-லேயே ஜான் வால் ஆய்ந்து கூறியிருந்தார்!

1849-இல் அங்குச் சென்ற அறிஞர் டார்வின் உடல்நலம் தேறினார். ஓய்வுண்டு, நடையுண்டு, நல்ல காற்றுண்டு; புகழோ நீருக்கு! 1851-இல் நோயுற்ற மகள் ஆனியை அங்கேயே அழைத்துச் சென்றார். அதே நீர், அதே மருத்துவர். ஏப்ரல் 23-இல் இறந்தாள் அச்சிறுமி, வயது பத்தே!

கல்லி நம்பிய ஞானதிருஷ்டியை எள்ளி நகைத்தவர் டார்வின். எனினும், 1859 நவம்பரில் 'உயிரினங்களின் தோற்றம்' வெளிவந்தபோதும் இல்க்லி ஊரின் நீர் மருத்துவ விடுதியில்தான் இருந்தார்.

அறிஞரைப் பழிக்கவா இதைக் கூறுகிறோம்? இல்லை! நோயின் வாட்டம் பேரறிவாளரையும் நம்பிக்கையின் பக்கம் இழுக்கும். ஆகவேதான், தேறியவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், தேற்றியது எது என்றும் கேளுங்கள் என்கிறோம். தேறாதவரையும் எண்ணுங்கள் என்கிறோம்!