காரைக்காலிலிருந்து சார்செல் வரை

வேந்தர்கள் தலைநகரை மாற்றிய செய்தியை வரலாற்று நூல்கள் விரிவாக எழுதுகின்றன. ஆனால், ஓர் எளிய குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களைக் கட்டிக்கொண்டு, பிள்ளைகளைக் கைப்பிடித்து, ஒரு பெருநகரத்தின் ஓரத்தில் குடியேறிய செய்தியை அவை எழுதுவதில்லை. வேந்தர் மாற்றத்தினும் இம்மாற்றமே மக்கள் வாழ்வைப் பெரிதும் உருவாக்குகிறது. அத்தகைய குடியேற்றம் ஒன்று நம் காரைக்காலிலேயே நிகழ்ந்திருக்கிறது. காரைக்கால் மக்களுள் ஒரு சாரார் பாரிஸ் மாநகரத்தின் புறநகர்களில் வீடு தேடிய வரலாற்றை மாணவ மணிகளுக்கு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் அதன் வேரைக் காண்போம். 1739ஆம் ஆண்டு காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. இடையில் ஆங்கிலேயர் சில முறை கைப்பற்றியபோதிலும், 1817இல் மீண்டும் பிரெஞ்சு ஆட்சிக்கே திரும்பியது. 1880ஆம் ஆண்டு ஆணையால் பிரெஞ்சு நாட்டு முறையிலான நகராட்சி அமைப்பு இங்கு வந்தது. அதன் பெயரே 'கொம்யூன்'. திருநள்ளாறு, நெடுங்காடு, கோட்டுச்சேரி, நிரவி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஊர்களில் இன்றும் அச்சொல் வழங்குகிறது. 1881இல் வந்த மற்றோர் ஆணை, தம் சமூகத்துக்குரிய தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்க விரும்புவோர்க்கு வழி திறந்தது. அவ்வாறு துறந்தவர்கள் புதிய குடும்பப் பெயர்களைச் சூட்டிக்கொண்டனர். அவர்களுள் பலர் இந்தோசீனாவுக்குச் சென்று எழுத்தராகவும், காவலராகவும், படைவீரராகவும் பணியாற்றினர். ஓய்வூதியத்துடன் ஊர் திரும்பிய படைவீரரை நம் பக்கத்தில் 'சொல்தா' என்று அழைப்பது வழக்கம். என் பெரியப்பாவும் ஒரு சொல்தாவே.

1954ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் கீழூரில் புதுச்சேரி, காரைக்கால் மக்கட் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். அவர்களுள் 170 பேர் இந்தியாவுடன் இணைவதை ஆதரித்தனர். நவம்பர் 1ஆம் நாள் ஆட்சி கைமாறியது. உரிமை மாற்ற ஒப்பந்தம் 1956 மே 28இல் கையெழுத்தாயிற்று. பிரெஞ்சுப் பாராளுமன்றம் அதனை ஏற்கக் காலம் கடந்தமையால், 1962 ஆகஸ்டு 16இல்தான் அது நடைமுறைக்கு வந்தது.

அவ்வொப்பந்தத்தின்படி, இம்மண்ணில் பிறந்து இங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் இந்தியக் குடிமக்கள் ஆவர். பிரெஞ்சுக் குடியுரிமையைக் காத்துக்கொள்ள விரும்புவோர் ஆறு திங்களுக்குள் எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். தந்தை எடுத்த முடிவு, பதினெட்டு வயது நிரம்பாத மணமாகாத பிள்ளைகளையும் கட்டுப்படுத்தும். அந்த ஆறு திங்களும் காரைக்காலின் பல திண்ணைகளில் இதே பேச்சாயிருந்ததாம். நான் அப்போது கைக்குழந்தை. என் தந்தையார் கையெழுத்திடவில்லை; அவருடைய தமையனார் இட்டார். ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில் விளையாடிய பிள்ளைகள் அன்று இரு நாட்டினர் ஆயினர். யார் செய்தது சரி என்று இரு சகோதரரும் தம் வாழ்நாள் முழுவதும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் புண்படும் என்பதை இருவரும் அறிந்திருந்தனர் போலும்!

இனிப் பாரிஸ் நகரத்தின் பக்கம் பார்வையைத் திருப்புவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரான்சில் வீட்டுப் பஞ்சம் தலைவிரித்தாடியது. 1954ஆம் ஆண்டின் கடுங்குளிரில், வாடகை வீட்டினின்றும் வெளியேற்றப்பட்ட ஒரு பெண்மணி பாரிஸ் வீதியில் விறைத்து மாண்டார். வெளியேற்ற ஆணை அவர் கையிலேயே இருந்தது. பிப்ரவரி 1ஆம் நாள் அபே பியேர் என்னும் பாதிரியார் வானொலியில் அச்செய்தியைக் கூறி நாட்டு மக்களின் உதவியை வேண்டினார். போர்வையும் பொருளும் வந்து குவிந்தன. ஒரு வானொலிப் பேச்சு ஒரு நாட்டின் மனச்சான்றைத் தட்டியெழுப்பியது. அதன்பின் அரசு பெரிய அளவில் குறைந்த வாடகை வீடுகளைக் கட்டத் தொடங்கியது.

அவ்வாறு எழுந்தவற்றுள் புகழும் பழியும் ஒருங்கே பெற்றது சார்செல். பாரிஸுக்கு வடக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில், காய்கறித் தோட்டங்கள் சூழ்ந்த சிற்றூராக அது இருந்தது. 1955 முதல் லபூர்தெத் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி வரிசை வரிசையாக அடுக்குமாடிகள் எழுந்தன. 1954இல் ஏறத்தாழ 8,000ஆக இருந்த மக்கள்தொகை, 1968இல் 50,000ஐத் தாண்டியது. வீட்டுக்குள்ளேயே குளியலறையும், குளிர்காய வெப்பக்குழாயும் கண்ட ஏழை மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் கடைகளும் பொழுதுபோக்கும் பின்தங்கின. ஒரே வார்ப்பான கட்டடங்களிடையே தோன்றும் மனச்சோர்வுக்குப் பத்திரிகையாளர் இவ்வூரின் பெயரையே நோய்ப்பெயராக்கி 'சார்செலித்' என்று எழுதினர்.

இவ்விடத்தில் ஒரு வரலாற்றுப் பொருத்தத்தைக் கருதுங்கள். 1954 நவம்பர் 1ஆம் நாள், காரைக்காலில் பிரெஞ்சு ஆட்சி நீங்கிய அதே நாளில்தான், அல்ஜீரியாவில் விடுதலைப் போர் வெடித்தது. 1962 ஜூலையில் அல்ஜீரியா விடுதலை பெற்றது. அடுத்த மாதமே நம் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அல்ஜீரியாவினின்றும் பல லட்சம் மக்கள் பிரான்சுக்குப் பெயர்ந்தனர். அவர்களுள் பலர்க்குச் சார்செல்லில் வீடு கிடைத்தது. பின்னர் மேற்கிந்தியத் தீவினர் வந்தனர். புதுச்சேரியினரும் காரைக்காலினரும் சார்செல், கார்ஜ், வில்லியே-லெ-பெல், லா கூர்னேவ் முதலிய வடபுறநகர்களில் குடியேறினர். 1975இல் சைகோன் வீழ்ந்தபின் அங்கிருந்த நம்மவர் சிலரும் இவ்வழியே வந்து சேர்ந்தனர்.

ஏன் வடபுறம்? விரும்பிய இடத்தில் வீடு எடுத்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. அரசு உதவி பெற்ற வீடுகளுக்கு மனுச் செய்து காத்திருக்க வேண்டும். 1953 முதல் நடுத்தர, பெரிய நிறுவனங்கள் ஊதியத் தொகையில் 1 விழுக்காட்டை வீட்டு வசதிக்கென ஒதுக்க நேர்ந்தது. அதன் வாயிலாகவும் தொழிலாளர்க்கு வீடு கிடைத்தது. ஆகவே தேர்வின் பாதி அலுவலகத்தாருடையது, மறுபாதியே குடும்பத்தினுடையது. அந்த மறுபாதியை நம்மவர் எவ்வாறு பயன்படுத்தினர் என்பதே நாம் கற்கவேண்டிய பாடம்.

என் பெரியப்பாவின் மக்கள் இருவரும் 1970களின் தொடக்கத்தில் பிரான்சுக்குச் சென்றனர். மூத்தவர் சார்செல்லில் மூன்றாம் மாடியில் ஒரு சிறு வீட்டை ஏற்றார். அவர் கணக்கிட்டவை மூன்று. ரயில் நிலையத்துக்கு நடந்தே செல்லலாம். அங்கிருந்து 'கார் துய் நோர்' எனப்படும் வடக்கு ரயில் நிலையம் கால் மணி நேரப் பயணமே. கூப்பிடு தொலைவில் காரைக்கால் குடும்பங்கள் இரண்டு இருந்தன. பள்ளிக்கூடம் தெருவைக் கடந்தால் போதும். இளையவர் வேறொரு புறநகரில் பெரிய வீட்டை எடுத்தார். அறைகள் மிகுதி, பலகணியைத் திறந்தால் வயல்வெளி. ஆனால் ரயில் இல்லை. பேருந்து பிடித்து நிலையத்தை அடைந்து, பின் ரயிலேற வேண்டும். குளிர்காலத்தில் இருளில் புறப்பட்டு இருளில் திரும்பினார். பிள்ளைகள் விழித்திருக்கும்போது தந்தையின் முகத்தை ஞாயிற்றுக்கிழமைதான் கண்டனர். எட்டாண்டு கழித்து, அவ்வீட்டை விட்டுத் தமையனார் இருந்த ஊருக்கே மாறினார்.

பணி ஓய்வுக்குப்பின், 2022ஆம் ஆண்டு நான் அங்குச் சென்றிருந்தேன். எழுபது கடந்த அண்ணன் என்னை ரயிலடியிலிருந்து வீட்டுக்கு நடத்தியே அழைத்துச் சென்றார். வழியில் சொன்னார்: "தம்பி, வீடு தேடும்போது எல்லாரும் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். நான் வாசலிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். சின்ன வீட்டில் நெருக்கிக்கொண்டு இருந்துவிடலாம். போன நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?" இளையவர் அருகில் நடந்து வந்தார். அவர் மறுத்தும் பேசவில்லை, ஒத்தும் பேசவில்லை. சிறிது நேரம் கழித்து, "அந்த வீட்டு ஜன்னல் மட்டும் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது, அண்ணே" என்றார். அவர் தேடியதும் ஓர் இன்பமே. அதற்கு அவர் கொடுத்த விலைதான் பெரிது.

இது ஒரு குடும்பத்தின் அனுபவம் மட்டுமன்று. பாரிஸுக்குக் கிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் கிளிஷி-சூ-புவா என்னும் ஊர் இருக்கிறது. அங்கும் அடுக்குமாடிகள் எழுந்தன. வருமென்று எதிர்பார்த்த நெடுஞ்சாலை வரவேயில்லை, ரயிலும் வரவில்லை. நகரின் நடுப்பகுதியை அடைய ஒரு மணி நேரத்துக்கு மேலாயிற்று. வேலையற்ற இளைஞர் பெருகிய அவ்வூரில் 2005 அக்டோபரில் தொடங்கிய கலவரம் நாடெங்கும் பரவியது. 2019 டிசம்பரில்தான் டிராம் வண்டி அங்குச் சென்றடைந்தது. கலவரத்துக்குக் காரணம் பல. எனினும், தொலைவைக் கிலோமீட்டரால் மட்டும் அளக்கலாகாது, நிமிடத்தாலும் அளக்கவேண்டும் என்பதற்கு அவ்வூர் சான்று. சார்செல்லுக்கோ, 1987 முதல் நகரின் நடுவே ஊடுருவிச் செல்லும் விரைவு ரயிலும், 2013 முதல் டிராமும் வாய்த்தன. 1974இல் திறக்கப்பட்ட ரொவாஸி விமான நிலையமும் அப்பகுதியில் வேலைவாய்ப்பைப் பெருக்கியது. சார்செல்லிலும் வறுமையும் வேலையின்மையும் இருந்தன, இன்றும் உண்டு. ஆயினும் நோய்க்குப் பெயர் தந்த ஊர் பலருக்கு வாழ்வும் தந்தது.

அடுத்தது பள்ளி. ஆசிரியனாக வாழ்ந்தவன் இதனைச் சொல்லாமல் விடமுடியாது. பிரான்சில் 1963 முதல், குடியிருக்கும் தெருவைக் கொண்டே பிள்ளை சேரவேண்டிய அரசுப் பள்ளி வரையறுக்கப்பட்டது. எனவே வீட்டைத் தேர்ந்தவர் அறியாமலே பள்ளியையும் தேர்ந்தவர் ஆயினர். வறுமை மிக்க பகுதிப் பள்ளிகள் பின்தங்குவதைக் கண்ட அரசு, 1981 முதல் அத்தகைய பகுதிகளுக்குக் கூடுதல் ஆசிரியரையும் பொருளையும் ஒதுக்க முற்பட்டது. அப்பள்ளிகளில் பயின்றே மூத்தவரின் மகள் ஆசிரியை ஆனாள். மாலையில் வந்து பிள்ளைகளின் பாடங்களைப் பார்க்கத் தந்தைக்கு நேரம் இருந்ததை அவள் இன்றும் நன்றியுடன் நினைவுகூர்கிறாள்.

மூன்றாவது உறவு. கோயில் உள்ள ஊரில் குடியிருக்கவேண்டும் என்று நம் முன்னோர் கருதியது கல்லையும் கோபுரத்தையும் மட்டும் எண்ணியன்று. கூடிவாழும் மக்களையும் எண்ணியேயாம். 1985இல் பாரிஸ் நகரில் மாணிக்க விநாயகர் ஆலயம் தோன்றியது. அங்கு ஆண்டுதோறும் நிகழும் தேர்த்திருவிழாவில் இலங்கைத் தமிழரும் புதுவைத் தமிழரும் ஒன்று கூடுகின்றனர். அவ்வாலயமும் லா ஷாப்பெல் பகுதித் தமிழ்க் கடைகளும் வடக்கு ரயில் நிலையத்தினின்றும் நடந்து செல்லும் தொலைவிலேயே உள்ளன. வடபுறநகர் மக்களுக்கு அது எத்துணை வசதி! காரைக்காலினின்றும் சென்ற இந்துக்களும், இஸ்லாமியரும், கிறித்தவரும் அங்கே ஒரே அடுக்குமாடியில் வாழ்வதைக் கண்டேன். பிள்ளைப்பேறானாலும் இழவானாலும் முதலில் கதவைத் தட்டியவர் நம் ஊரார்தாம் என்றார் அண்ணியார்.

மாணவர்களே! உங்களுள் பலர் நாளை சென்னைக்கோ பெங்களூருக்கோ பணி நாடிச் செல்வீர்கள். பெற்றோரையும் அழைத்துச் செல்வீர்கள். சென்னையிலும் இதே வரலாறுதான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதன் வழியில்தான் குரோம்பேட்டையும் பல்லாவரமும் பெருகின. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்தில் பேருந்து முனையம் திறக்கப்பட்டதும், தென்புற ஊர்கள் நம்மவர்க்குக் கிட்டத்தில் வந்தன. ஆனால் நம் நாட்டில் நான்காவது வினா ஒன்றும் உண்டு, அது தண்ணீர். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தைச் சூழ வீடு கட்டியவர்கள் 2015 டிசம்பரில் வெள்ளத்தில் தவித்தனர். 2019 கோடையில் சென்னை மக்கள் குடிநீருக்குக் குடத்துடன் நின்றனர். அரசலாற்றின் கரையில் பிறந்த நமக்கு நீரின் வழியை மறிக்கலாகாது என்பதைப் பிறர் சொல்லித்தர வேண்டுவதில்லை. மனை வாங்குமுன் அவ்வூர் முதியோரிடம், "மழைக்காலத்தில் தண்ணீர் எதுவரை வந்தது? கோடையில் கிணறு எதுவரை இறங்கியது?" என்று கேளுங்கள்.

போக்குவரத்து, பள்ளி, உறவு, தண்ணீர் ஆகிய நான்கையும் முதலில் எண்ணி, அறைகளின் எண்ணிக்கையைப் பின்னர் எண்ணுங்கள். நான்கும் ஒருசேர வாய்ப்பது அரிது. எதனை விட்டுக்கொடுக்கிறோம் என்பதைக் குடும்பத்தார் அனைவரும், குறிப்பாக நாள் முழுதும் அவ்வீட்டிலிருக்கும் முதியோரும் குழந்தைகளும், அறிந்து உடன்பட்டால் அக்குறை பின்னர்ப் பெரிதாகத் தோன்றாது. 1963இல் என் பெரியப்பாவும் தந்தையாரும் ஒருவரையொருவர் கேளாமலேயே முடிவெடுத்தனர். அம்முடிவுகளுள் எது சரி என்று இன்றும் என்னால் தீர்ப்புக் கூற இயலவில்லை. ஆனால் திண்ணையில் அமர்ந்து அவர்கள் ஒருநாள் மனம்விட்டுப் பேசியிருக்கலாம் என்பதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.