இரண்டு களங்களின் வேகக்காரர்

ஓட்டப்பந்தயப் பயிற்சியாளனான என்னிடம் பையன்கள் கேட்பதுண்டு: "சார், ஒரே ஆள் ரெண்டு விளையாட்டிலயும் தேற முடியுமா?" நான் பாப் ஹேய்ஸைச் சொல்வேன்.

1942இல் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் பிறந்தவர். தென் மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரி அணிகள் கறுப்பின மாணவர்களுக்குக் கதவடைத்திருந்த காலம். கறுப்பினத்தவர் பயின்ற ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்விநிலையம் அவரைச் சேர்த்தது அமெரிக்கக் கால்பந்துக்காக. ஓட்டம் அதற்கு அப்புறம்தான். ஆனாலும் 1963இல் 100 கெஜத்தை 9.1 விநாடியில் கடந்து உலக சாதனை படைத்தார்.

பாதங்கள் உள்நோக்கித் திரும்ப, தோள்கள் உருள ஓடுவார். என் பையன் அப்படி ஓடினால் திட்டியிருப்பேன்! அந்த ஓட்டம்தான் 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தங்கம் வென்றது. தொடரோட்டத்தில் பின்தங்கியிருந்த அணியைக் கடைசி ஓட்டக்காரராக இழுத்துவந்து இன்னொரு தங்கமும் வாங்கித் தந்தார்.

பிறகு மீண்டும் அமெரிக்கக் கால்பந்து. 1965இல் டல்லாஸ் கவ்பாய்ஸ் என்ற தொழில்முறை அணியில் முதல் பருவத்திலேயே பந்தைப் பிடித்து 1,003 கெஜம் முன்னேறினார்; எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டும் டச் டவுன் 12. ஒற்றை ஆளால் அவரைத் துரத்த முடியாமல், எதிரணிகள் பகுதி பிரித்துக் காவல் காத்தன. 1972 ஜனவரியில் அந்த ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வெற்றியும் சேர்ந்தது.

1968 ஒலிம்பிக்கில் 100 மீட்டர் வென்ற ஜிம் ஹைன்ஸும் பிறகு இதே ஆட்டத்துக்குப் போனார், நிலைக்கவில்லை. வேகம் இருவருக்கும் இருந்தது. ஹேய்ஸோ கல்லூரி நாளிலேயே பந்தைப் பிடிக்கப் பழகியவர்.