மூன்று விதிகள்: காஸ்டன்யேடா தீர்ப்புக்கு ஓர் உரை

ஆங்கிலம் தெரியாமல் வகுப்பில் வந்து உட்காரும் பிள்ளைக்குப் பள்ளி செய்யும் உதவி போதுமா? இதை அளக்க அமெரிக்காவில் எழுந்த அளவுகோல் ஒரு வழக்கிலிருந்து வந்தது. டெக்சாஸின் ரேமண்ட்வில் பள்ளி மாவட்டத்தின் மீது, மெக்சிக்க வம்சாவளித் தந்தையான ராய் காஸ்டன்யேடா தொடுத்த வழக்கு அது. மொழித்தடையை நீக்கத் ‘தகுந்த நடவடிக்கை’ எடுக்கும்படி 1974-ஆம் ஆண்டுச் சம கல்வி வாய்ப்புச் சட்டம் சொன்னது. எது தகுந்தது என்று சொல்லவில்லை. 1981-இல் ஐந்தாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்கு மூன்று விதிகள் வகுத்தது. அவற்றின் சாரமும் உரையும் வருமாறு.

விதி 1: பள்ளியின் திட்டம், துறை வல்லுநர்களில் ஒரு சாராராவது ஏற்கும் கல்விக் கொள்கையின் மேல் நிற்க வேண்டும்.

உரை: ‘ஒரு சாராராவது’ என்றதால், இருமொழியிலும் கற்பிப்பதா, முதலில் ஆங்கிலத்தை ஊன்றிச் சொல்லித்தருவதா என்ற சர்ச்சையில் நீதிமன்றம் தலையிடவில்லை. எந்த வழியையும் எடுக்கலாம்; வழி என்று ஒன்று இருக்க வேண்டும். எல்லாரோடும் உட்கார வைத்தால் தானாக வந்துவிடும் என்ற வாதத்தை உச்ச நீதிமன்றம் 1974-லேயே லாவ் வழக்கில் தள்ளிவிட்டது. அவ்வழக்கு எழுந்த சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ 1,800 சீன வம்சாவளிப் பிள்ளைகளுக்குத் தனி உதவி எதுவும் இல்லாதிருந்தது. ஒரே புத்தகமும் ஒரே ஆசிரியரும் தருவதால் மட்டும் சமம் வந்துவிடாது என்றது அத்தீர்ப்பு.

விதி 2: அந்தக் கொள்கையைச் செயலாக்கப் போதிய ஆட்கள், பொருள், நடைமுறைகள் வேண்டும்.

உரை: ரேமண்ட்வில் சறுக்கியது இங்கேதான். ஏட்டில் இருமொழிக் கல்வி இருந்தது. நடத்தியவர்கள் சிலருக்கு ஸ்பானியம் அரைகுறை. அவர்களுக்குக் கிடைத்ததோ 100 மணிநேரப் பயிற்சி. அதில் இலக்கு 700 சொற்கள். பின்னக் கணக்கில் சிறுவன் எந்தப் படியில் தடுமாறுகிறான் என்று அவன் மொழியில் கேட்டறிய 700 சொல் எந்த மூலைக்கு? பயிற்சி போதாது என்றே நீதிமன்றமும் முடிவு செய்தது. இப்படிப்பட்ட பள்ளிக்குத் தரச்சான்று தர வரும் ஆய்வாளர் கோப்பைப் புரட்டிவிட்டு, காபி குடித்துவிட்டுக் கிளம்பினால் இந்த ஓட்டை கண்ணில் படாது. பிள்ளையின் எதிரில் நிற்பவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்று வகுப்பறையில் போய்ப் பார்த்தாக வேண்டும்.

விதி 3: நியாயமான காலம் முயன்றும் மொழித்தடை விலகாவிட்டால், அத்திட்டம் இனியும் தகுந்த நடவடிக்கை ஆகாது.

உரை: முன்னிரண்டு விதிகளும் பள்ளியைப் பார்க்கின்றன, இது பிள்ளையைப் பார்க்கிறது. ‘நியாயமான காலம்’ இத்தனை ஆண்டு என்று வரையறுக்கப்படவில்லை. அன்றாடப் பேச்சு இரண்டொரு ஆண்டில் வரும், பாடநூல் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் பிடிக்கலாம் என்று மொழிக்கல்வி ஆய்வாளர் ஜிம் கம்மின்ஸ் முதலியோர் காட்டியிருக்கிறார்கள். ஆகவே விளையாட்டு மைதானத்தில் சரளமாக ஆங்கிலம் பேசும் சிறுமியைக் காட்டி, தடை விலகிவிட்டது என்று பள்ளி கணக்கை முடிக்க இயலாது.

‘மொழித்தடை’ என்பதில் அதனால் விட்டுப்போன பாடங்களும் அடங்கும். ஆங்கிலத்துக்கு முதலிடம் தரும் காலத்தில் மற்றப் பாடங்கள் பின்தங்கலாம். அந்த நிலுவையைப் பள்ளியே ஈடுகட்ட வேண்டும் என்கிறது தீர்ப்பு. மற்றப் பாடங்களில் முன்னேற்றத்தைப் பிள்ளைக்குப் புரியும் மொழியில் சோதிக்கவும் சொல்கிறது. ஆங்கிலத்தில் வைத்த அறிவியல் தேர்வில் பிள்ளை தோற்றால், தெரியாதது அறிவியலா ஆங்கிலமா என்று யார் சொல்வது?

தொகுத்து நோக்கினால், மூன்றாம் விதியே மற்ற இரண்டுக்கும் நீதிபதி. நல்ல கொள்கை, தேர்ந்த ஆசிரியர்கள் என்று முன்பு வாங்கிய நற்சான்று, பிள்ளை தேறவில்லை என்றால் பள்ளியைக் காப்பாற்றாது. 1991-இல் மத்தியக் கல்வித் துறையின் சிவில் உரிமைகள் அலுவலகம் தன் ஆய்வுகளுக்கு இம்மூன்றையும் அளவுகோலாக அறிவித்தது. எந்த நாட்டில் தரச்சான்றைப் புதுப்பிக்க வருபவரானாலும், புதிய திட்ட அறிக்கையைக் கேட்குமுன் ஒரு பட்டியலைக் கேட்கலாம்: சென்ற முறை பயிற்றுமொழி தெரியாமல் இங்கே இருந்த பிள்ளைகள், இன்று எந்த வகுப்பில் எப்படிப் படிக்கிறார்கள்?