செயற்கைக் காலுக்கு உணர்வு வந்த கதை

செயற்கைக் கால் என்றதும் நாம் அதன் எடையையும் விலையையும் பற்றித்தான் பேசுவோம். அதை மாட்டிக்கொண்டு நடப்பவருக்கு வேறொரு சிக்கல் உண்டு. பாதம் தரையைத் தொட்டதா, மணலில் புதைந்ததா, கல் மேல் ஏறியதா என்று அந்தக் கால் சொல்லாது. அதனால் கண் எப்போதும் தரையிலேயே இருக்க வேண்டும். இருட்டில் படி இறங்குவதை நினைத்துப் பாருங்கள்!

விசித்திரம் என்னவென்றால், இல்லாத கால் வலிக்கும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்தவர்களுக்கு வைத்தியம் பார்த்த சைலஸ் வெயர் மிட்செல், 1871-ல் இதை ஆவி உறுப்பு என்ற பொருளில் பெயரிட்டு எழுதினார். கால் போனாலும் மூளையில் அதற்கான இடம் போய்விடுவதில்லை.

பாதம் சொல்ல வேண்டிய செய்தியை வேறு வழியில் சொன்னால் என்ன? கணித மேதை நார்பர்ட் வீனர் 1948-ல் வெளியிட்ட 'சைபர்நெடிக்ஸ்' நூலிலேயே இந்த யோசனை இருக்கிறது. செயற்கை உறுப்பில் அழுத்தத்தை அளக்கும் கருவியை வைத்து, அதை அதிர்வாகவோ மின்சாரமாகவோ தோலுக்குத் தெரிவிக்கலாம் என்றார். ஆனால் அன்றைய கருவிகளைக் காலில் கட்டிக்கொண்டு நடக்க முடியுமா?

2008-ல் லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எளிமையான ஒன்றைச் செய்தார்கள். பாதத்துக்கு அடியில் நான்கு அழுத்த உணரிகள். தொடையில் கட்டும் பட்டையில் நான்கு சிறிய பலூன்கள். குதிகால் அழுந்தினால் அதற்குரிய பலூன் காற்றில் உப்பித் தொடையை அழுத்தும். அறுவை சிகிச்சையே தேவையில்லை. வேண்டாமென்றால் கழற்றி வைத்துவிடலாம். (இந்த வசதியை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.) ஆனால் பாதத்தில் பட்டதைத் தொடையில் உணர்ந்து புரிந்துகொள்ளப் பழக வேண்டும்.

ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரப் பேராசிரியர் ஹூபர்ட் எக்கர் 2015-ல் இதைத் தாண்டினார். பாதத்துக்குப் போக வேண்டிய நரம்பு முனைகளை அறுவை சிகிச்சை மூலம் தொடைத் தோலுக்கு அருகே கொண்டுவந்தார்கள். செயற்கைக் காலின் பாதத்தில் ஆறு உணரிகள். அவை அனுப்பும் அதிர்வு அந்தத் தோலில் பட்டால், மூளை அதைப் பாதம் என்றே எடுத்துக்கொள்கிறது! அதை முதலில் அணிந்த முன்னாள் ஆசிரியரால் புல்லா, மணலா, சரளையா என்று சொல்ல முடிந்தது. ஆவி வலியும் போனது.

2019-ல் ஸ்டனிசா ராஸ்போபோவிச் குழுவினர் தொடை நரம்புக்குள்ளேயே மின்முனைகளை வைத்தார்கள். பெல்கிரேடில் இரண்டு பேருக்குச் செய்தார்கள். மணலில் நடக்கும் வேகம் கூடியது, களைப்பும் வலியும் குறைந்தன. ஆனால் அது ஆய்வுக்காகப் பொருத்தியது. ஆய்வு முடிந்ததும் மின்முனைகளை வெளியே எடுத்துவிட்டார்கள்.