இழப்பின் கணக்கில் இடம் யாருக்கு? நெடுங்காடும் காவிரிக் கடைமடைத் தாழ்நில மக்களும்

நில இழப்பு என்னும் சொல் பொதுவெளியில் கடற்கரையோடு மட்டுமே சேர்த்துப் பேசப்படுகிறது. அலை அரித்த மணல், இடிந்த வீடு, கரையில் கொட்டப்படும் கருங்கல் ஆகியவையே அதன் அடையாளங்களாகிவிட்டன. காரைக்கால் மாவட்டத்தின் நெடுங்காடு கொம்யூன் கடலைத் தொடுவதில்லை. காரைக்கால் நகருக்கு வடமேற்கே, நெல்வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் நடுவே அது அமைந்திருக்கிறது. புதுச்சேரிச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்படும் 30 இடங்களில் ஐந்து பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டவை. காரைக்கால் பகுதியில் அத்தகைய ஒரே தொகுதி நெடுங்காடு. கடல்மட்ட உயர்வின் விளைவு இத்தகைய உள்நாட்டுத் தாழ்நிலத்தை எவ்வழியாக எட்டுகிறது, எட்டும்போது நிலமற்ற தலித் குடும்பங்கள் இழப்பின் கணக்கில் இடம்பெறுவார்களா என்பவையே இக்கட்டுரை எழுப்பும் கேள்விகள்.

கடல் உள்ளே வரும் வழி

1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளதாகக் காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு கணக்கிட்டுள்ளது. 2006க்கும் 2018க்கும் இடையில் உயர்வின் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். எண்ணளவில் இது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் கடல்மட்டத்தைவிடச் சற்றே உயர்ந்த சமதளமான கழிமுகத்தில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் உப்புநீரைக் கிடைமட்டமாக நெடுந்தொலைவு நகர்த்தும்.

கழிமுக நிலம் ஆறு கொண்டுவந்த வண்டலால் உருவானது. வண்டல் வரத்து நின்றால் அந்நிலம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இயலாது. 1934இல் நிறைவுற்ற மேட்டூர் அணையும் கர்நாடகத்தின் அணைகளும் காவிரியின் வண்டலைத் தடுத்து நிறுத்தியுள்ளன. ஆற்றுமணல் கொள்ளை எஞ்சியதையும் அள்ளிச் செல்கிறது. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை ஆராய்ந்து, இந்தியக் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளாகியிருப்பதாகக் கண்டறிந்தது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் பாதிக்கும் மேற்பட்ட கடற்கரை அரிப்பில் இருக்கிறது.

கரையை அரிப்பதோடு கடல் நின்றுவிடுவதில்லை. அரசலாறு, நண்டலாறு, திருமலைராயனாறு முதலிய ஆறுகளின் முகத்துவாரங்களே அது உள்ளே வரும் கதவுகள். ஆற்றில் நன்னீர் ஓடினால் அந்த ஓட்டம் உப்புநீரைத் திருப்பித் தள்ளும். ஓட்டம் குறைந்தால் ஓதம் ஆற்றுவழியே மேலேறும். அதையொட்டி நிலத்தடி நீரும் உவர்க்கும். காரைக்கால் காவிரியின் கடைமடை. 2007ஆம் ஆண்டுத் தீர்ப்பாய முடிவும் அதன்மீதான உச்சநீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் அதற்கென ஒதுக்கிய நீர் 7 டி.எம்.சி. மட்டுமே. ஆகவே காவிரி நீர்ப்பங்கீடு பாசனச் சிக்கலாக இருப்பதோடு, கடல் எவ்வளவு தூரம் உள்ளே வரும் என்பதைத் தீர்மானிக்கும் சிக்கலாகவும் இருக்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இதே கதவுகள் எதிர்த்திசையில் அடைபடுகின்றன. புயலின்போது கடல் பொங்கி நிற்பதால் வயலில் தேங்கிய மழைநீர் வடிய வழியின்றிச் சம்பாப் பயிர் மூழ்குகிறது. 2008 நவம்பர் 27 அன்று காரைக்கால் அருகே கரைகடந்த நிஷா புயலும் அதையொட்டிய பெருமழையும் இக்கடைமடை நிலம் எவ்வளவு எளிதில் நீரில் அமிழும் என்பதைக் காட்டின.

உப்பை மனிதரே கொண்டுவந்த வரலாறும் உண்டு. 1990களில் நாகை, காரைக்கால் கடலோரத்தில் பெருகிய இறால் பண்ணைகளுக்கு எதிராகக் காந்தியர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்சநீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த இறால் தொழிற்கூடங்களை அகற்ற ஆணையிட்டது. பண்ணைகள் ஈட்டும் வருவாயைவிட அவை விளைவிக்கும் சேதம் பெரிது என்னும் மதிப்பீடு அத்தீர்ப்பில் இடம்பெற்றது. பின்னர் 2005இல் இயற்றப்பட்ட கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் அதன் 2023 திருத்தமும் அத்தொழிலுக்கு மீண்டும் இடமளித்தன.

பட்டா என்னும் அளவுகோல்

நிலம் உவர்க்கும்போது நில உடைமையாளருக்கு விளைச்சல் குறைகிறது. கூலித் தொழிலாளிக்கு வேலையே இல்லாமற் போகிறது. நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு, அறுவடை எனப் பெண்களின் உழைப்புநாட்களே முதலில் மறைகின்றன. ஆனால் பயிர்ச்சேத நிவாரணம் எக்டேர் அளவில், சாகுபடியாளர் பெயரில் கணக்கிடப்படுகிறது. இழந்த கூலிநாளுக்கு அந்தப் படிவத்தில் இடமில்லை.

இந்நிலைக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. காரைக்காலின் தெற்கே, அன்றைய கீழத்தஞ்சையில், கூலி உயர்வு கேட்ட தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் எரித்துக் கொல்லப்பட்டனர். இக்கழிமுகத்தில் தலித் மக்கள் நிலத்தில் உழைப்பவர்களாக இருந்தார்களே அன்றி உடைமையாளர்களாக இருக்க அனுமதிக்கப்படவில்லை. சென்னை மாகாணத்தில் 1892க்குப் பின் வழங்கப்பட்ட பஞ்சமி நிலங்கள் பெருமளவு பறிபோயின என்றாலும், மீட்கக் கோருவதற்கு ஓர் ஆவணமாவது அங்கே எஞ்சியது. 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்காலுக்கு அந்த ஆணையும் வரவில்லை. 1970களின் குடியிருப்புச் சட்டங்கள் பண்ணையாட்களுக்கு அவர்கள் குடிசை நின்ற மனையை உரிமையாக்க முயன்றன. விளைநிலத்தை அவை தரவில்லை.

அந்த மனைகளும் பெரும்பாலும் ஊரின் தாழ்ந்த பகுதியில், வடிகால் ஓரத்தில் உள்ளவை. ஊர்த்தெரு மேட்டிலும் சேரி பள்ளத்திலும் அமைந்த கழிமுக ஊரமைப்பில், வெள்ளம் எந்த வீட்டுக்குள் முதலில் நுழையும் என்பதைச் சாதி முன்கூட்டியே முடிவு செய்திருக்கிறது. வாய்க்கால் புறம்போக்கில் குடியிருப்போர் நீர்நிலை மீட்பு என்னும் பெயரில் ‘ஆக்கிரமிப்பாளர்’ ஆகவும் கூடும். அவர்களுடைய இழப்பு பதிவேட்டில் இழப்பாக ஏறுவதில்லை, விதிமீறலாக ஏறுகிறது.

ஆழிப்பேரலை விட்டுச்சென்ற சான்று

கணக்கில் விடுபடுதல் என்பது கற்பனையான அச்சம் அன்று. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நாகை, காரைக்கால் கரையில் நடந்த நிவாரணப் பணியில் தலித் மக்கள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்துள்ளன. முகாம்களில் இடம், குடிநீர், பொருள் வழங்கல் ஆகியவற்றில் பாகுபாடு நிலவியது. இறந்தோர் உடல்களை அகற்றும் பணி பிற நகரங்களிலிருந்தும் அழைத்துவரப்பட்ட தூய்மைப் பணியாளர்கள் தலையில் விழுந்தது. அவர்களுள் பெரும்பாலோர் தலித்துகள்.

நிவாரணம் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகளின் பட்டியல் வழியாகவே பெரிதும் சென்றது. மீனவ மக்களின் துயரம் அளவிட முடியாதது. அவர்களுக்கு முன்னுரிமை கிடைத்தது நியாயமே. ஆனால் மீன் சுமந்தும் உலர்த்தியும், உப்பளத்திலும் கடலோர வயலிலும் கூலி வேலை செய்தும் வாழ்ந்த தலித் குடும்பங்களுக்குப் படகோ வலையோ பட்டாவோ இல்லை. உடைமையை அளவுகோலாக்கிய பட்டியலில் அவர்கள் இழந்தது எதுவும் தென்படவில்லை. 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆம் பிரிவு நிவாரணத்தில் சாதி, பாலினம், சமூகம், வம்சாவளி, மதம் ஆகியவற்றின் அடிப்படையிலான பாகுபாட்டைத் தடை செய்கிறது. வெளிப்படையான விலக்கலை அப்பிரிவு தடுக்கலாம். உடைமை இருந்தால்தான் இழப்பு என்று கொள்ளும் முறையை அது தொடுவதில்லை.

மூன்று பக்கமும் எல்லை

காரைக்காலின் ஒரு பக்கம் வங்கக் கடல். ஏனைய பக்கங்கள் தமிழ்நாடு. தாழ்நிலம் வாழத் தகாததாகும்போது மக்கள் செல்லக்கூடிய மேட்டுநிலம் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால்தான் இருக்கும். அங்கே அரசியலமைப்பின் 341ஆம் உறுப்பு குறுக்கிடுகிறது. பட்டியல் சாதி என்னும் தகுதி மாநிலவாரியாக வரையறுக்கப்படுகிறது. புதுச்சேரிக்கான பட்டியல் 1964ஆம் ஆண்டு ஆணையால் வந்தது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குக் குடிபெயர்வோர் அத்தகுதிக்குரிய சலுகைகளைப் புதிய மாநிலத்தில் கோர முடியாது என்று மர்ரி சந்திரசேகர் ராவ் வழக்கில் 1990இல் உச்சநீதிமன்றம் கூறியது. பறையர், பள்ளர் ஆகிய சமூகங்கள் இரு பட்டியல்களிலும் உள்ளன. ஆயினும் சில கிலோமீட்டர் நகர்ந்த குடும்பத்தின் பிள்ளைக்குக் கல்வியிலும் வேலையிலும் இடஒதுக்கீடு கேள்விக்குள்ளாகும். புதுச்சேரியில் ‘பூர்வீகர்’, ‘குடிபெயர்ந்தோர்’ என்னும் பிரிவினை பற்றிய வழக்குகள் பல ஆண்டுகளாக நடந்துவந்துள்ளன.

சட்டப் பாதுகாப்பும் எல்லையில் நின்றுவிடுகிறது. தமிழ்நாட்டின் 2020ஆம் ஆண்டுப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் அண்டை வயலுக்குப் பொருந்தும். அதே வாய்க்கால் பாயும் காரைக்கால் வயலுக்குப் பொருந்தாது. பதினைந்தாம் நிதிக்குழு 2021–26 காலத்துக்கு, அரிப்பைத் தடுக்க 1,500 கோடி ரூபாயும் அரிப்பால் இடம்பெயர்ந்தோரின் மறுவாழ்வுக்கு 1,000 கோடி ரூபாயும் பரிந்துரைத்தது. நிதிக்குழுவின் வரிப்பகிர்வு வரம்புக்குள் சேர்க்கப்படாத புதுச்சேரி, இத்தகைய நிதியில் தன் மக்களுக்கு உரிய பங்கைத் தனியே வாதாடிப் பெறவேண்டிய நிலையில் இருக்கிறது.

வாதாடுவதற்கான மன்றமும் ஊரில் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பின் 2006இல்தான் நடைபெற்றது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தபின் கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகளின் பொறுப்பில் விடப்பட்டன. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் உரிய உள்ளாட்சி இடங்கள் அதனால் பறிபோயின. எந்த வடிகாலை முதலில் தூர்வாருவது, எந்தத் தெருவை மேடாக்குவது என்பன போன்ற முடிவுகளில் சேரியின் குரல் ஒலிக்க முறையான இடமில்லாமற் போயிற்று.

கைவசம் உள்ள சட்டக் கருவிகள்

இந்தியாவில் அரசே முன்னின்று நடத்திய கடலோர இடமாற்றத்துக்கு ஒடிசாவின் சதபாயா ஓர் எடுத்துக்காட்டு. கடல் விழுங்கிய கேந்திரபாடா மாவட்டத்தின் அவ்வூரிலிருந்து 571 குடும்பங்கள் பாகபாடியா குடியேற்றத்துக்கு மாற்றப்பட்டன. அவர்களுக்கு வீட்டுமனை கிடைத்தது. இழந்த விளைநிலத்துக்கு ஈடான வாழ்வாதாரம் கிடைக்கவில்லை. மனை தருவதோடு மறுவாழ்வு முடிந்துவிடுவதில்லை என்பதே அதன் பாடம்.

முழுமையான மறுவாழ்வுக்கான சட்ட வாசகம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல், மறுவாழ்வுச் சட்டம் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என்பதில் நிலமற்ற விவசாயத் தொழிலாளர், குத்தகைதாரர், பங்குவாரத்தார் ஆகியோரையும் சேர்க்கிறது; அங்கே மூன்றாண்டுகள் வேலை செய்து வாழ்ந்திருந்தால் போதும். மாவட்டத்துக்கு வெளியே குடியமர்த்தப்படும் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குக் கூடுதலாக 25 விழுக்காடு மறுவாழ்வுப் பயன்களை 41ஆம் பிரிவு தருகிறது. இடஒதுக்கீடு உள்ளிட்ட பயன்கள் புதிய குடியேற்றப் பகுதியிலும் தொடரும் என்கிறது 42ஆம் பிரிவு. ஆனால் அரசு நிலத்தை எடுக்கும்போது மட்டுமே இச்சட்டம் செயல்படும். கடல் எடுக்கும்போது செயல்படாது. காலநிலை மாற்றத்தின் தீய விளைவுகளிலிருந்து காக்கப்படும் உரிமையை 14, 21ஆம் உறுப்புகளின்கீழ் உச்சநீதிமன்றம் 2024இல் எம்.கே.ரஞ்சித்சிங் வழக்கில் ஏற்றுக்கொண்டிருப்பதால், இந்த இடைவெளியை நிரப்பக் கோருவதற்கு அரசியலமைப்பு அடிப்படை உருவாகியுள்ளது.

இதிலிருந்து நான்கு கோரிக்கைகள் எழுகின்றன. முதலாவது, உவர்ப்பாலும் வெள்ளத்தாலும் இழக்கப்படும் கூலிநாட்கள் இழப்பாகப் பதிவு செய்யப்பட வேண்டும். இரண்டாவது, தாழ்நிலச் சேரிகளில் குடியிருப்போருக்கு இடமாற்றப் பேச்சு தொடங்கும் முன்பே மனைப்பட்டா, குறிப்பாகப் பெண்களின் பெயரில், வழங்கப்பட வேண்டும். மூன்றாவது, காலநிலை இடப்பெயர்வுக்கு 2013 சட்டத்தின் 41, 42ஆம் பிரிவுகளுக்கு நிகரான பாதுகாப்பைத் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒன்றிய அரசும் இணைந்து உருவாக்க வேண்டும். நான்காவது, கொம்யூன் பஞ்சாயத்துத் தேர்தல் நடத்தப்பட வேண்டும்.

இவற்றுக்குச் சான்றுகள் தேவை. அவற்றைத் திரட்ட அரசாணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எந்தத் தெருவில் வெள்ளம் எத்தனை நாள் நின்றது, எந்தக் கிணறு எந்த ஆண்டு உவர்த்தது, நடவுக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பவற்றை மாணவர்கள் ஊர்வாரியாக இன்றே எழுதத் தொடங்கலாம். ஊரக வேலை அட்டை, குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது ஆகியவற்றின் நகல்கள் மூன்றாண்டு வாழ்வையும் உழைப்பையும் மெய்ப்பிக்க உதவும். நாளை நிவாரணப் பட்டியல் எழுதப்படும்போது பட்டா இல்லாத குடும்பம் எடுத்துக்காட்டக்கூடிய ஆவணம் அதுவாகவே இருக்கும்.